ஆரோக்கியமேரிக்கு வந்த போன்

ஃபேனைக் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க இன்ஸ்பெக்டர் மேடம். ஒரு கையால எழுதிக்கினு இன்னொரு கையால பேப்பரைப் பிடிச்சிக்கினு இருக்கீங்க. அந்த ஸ்டேப்ளரை எடுத்து ஓரத்துல வெச்சா ரெண்டு கையும் சும்மா ஆயிடும். தப்பா எடுத்துக்காதீங்க, பழக்கம். எங்க போனாலும் நேரம் எங்க வீணாவுதுன்னுதான் என் கண்ணு போவும்.

பேரு இளமதி. வயசு நாப்பத்தாறு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்னால எபினேசர் சாரோட எம்ப்ராய்டரி யூனிட் இருக்குதே, அதுல ப்ரொடக்‌ஷன் இன்சார்ஜ். ரெண்டு கம்ப்யூட்டர் மிஷின், ஒவ்வொண்ணுலயும் ஊசி ஓடுற ஹெட் பன்னெண்டு. கம்பெனிக்காரங்க சட்டையில லோகோ, ஸ்கூல் பேட்ஜ், சர்ச் அங்கி, கோயில் கொடி, யாரு எப்படிக் கேட்டாலும் அப்படிப் போட்டுக் குடுப்போம். எனக்குக் கீழ இருபத்ரெண்டு பொம்பளைங்க.

அந்தச் செவ்வாக்கிழமை ஆரோக்கியமேரியோட போனை யாரு எடுத்ததுன்னு கேட்டீங்க. நான்தான் எடுத்தேன். இதை மறைக்கணும்னு எனக்கு ஒண்ணும் இல்ல. நேரா, நிதானமா இதுவரைக்கும் யாரும் கேக்கல. மேரி ஒரு தடவை கேட்டா, ஆனா அழுதுக்கினே கேட்டா. அழுவுறவங்க காதுல எதுவும் ஏறாது. அதனால அவகிட்ட, "போன் பொட்டிக்குள்ள இருந்துச்சு, எனக்குத் தெரியலம்மா"ன்னு சொல்லிட்டேன். அது பொய்தான். எழுதிக்குங்க.

ஆனா போன் என் கைக்கு எப்படி வந்துச்சுன்னு தெரியாம நீங்க எழுதுனா என்னமோ நான் வேணும்னே பண்ண மாதிரி இருக்கும். அதனால ஆடி மாசத்துல இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் ஆடியில, ஆரணியில இருந்து ஒரு குழு பெரியபாளையத்து அம்மனுக்குச் சாத்துறதுக்கு மஞ்சப் பட்டுல ஒரு பாவாடை கேட்டிருந்தாங்க. நடுவுல அம்மன், கீழ சிங்கம், ஓரம் பூரா வேப்பல. ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு பம்பை, உடுக்கையோட கேட்டாண்ட வந்து நின்னுட்டாங்க. பாவாடை இன்னும் மிஷின் மேல இருக்குது. அம்மன் முடிஞ்சிருக்கு, சிங்கத்துக்கு மூஞ்சி வரல. எபினேசர் சார் தலையில கைய வெச்சுக்கினு படியில உக்காந்துட்டாரு. அந்தப் பம்பைக்காரன் மிஷின் ஓடுறதுக்கு ஏத்த மாதிரி அடிச்சிக்கினே இருந்தான், அவனுக்கு அது ஒரு தமாஷ். கடைசியில மூஞ்சி இல்லாத சிங்கத்தோடயே வாங்கிக்கினு போனாங்க. போவும்போது ஒரு அம்மா சாரைப் பாத்து, "இது மனுசங்க சமாச்சாரம் இல்ல நைனா, அவ பாத்துக்குவா"ன்னு சொல்லிட்டுப் போச்சு. அதுக்கு அது என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

அன்னிக்கு சார் சொன்னாரு: "இளமதி, இன்னும் ரெண்டு ஆர்டர் இப்படி லேட்டாச்சுன்னா நான் மிஷினை வித்துட்டு ஊட்ல உக்காந்துக்குவேன். இந்தப் பொம்பளைங்க எங்க போவும்னு நீ பாத்துக்க."

எனக்கு பயம் வந்துடுச்சு மேடம். உண்மையா பயம். இருபத்ரெண்டு பேரும் என்னை நம்பி இருக்காங்கன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

ஒரு நோட்டு போட்டேன். ஒரு மாசத்துக்கு, மிஷின் எப்ப எப்ப நின்னுச்சு, எதுக்கு நின்னுச்சு, எத்தினி நிமிஷம். அவ்வளவுதான். பன்னெண்டு ஹெட்ல ஒண்ணுல நூல் அறுந்தாலும் பன்னெண்டும் நின்னுடும், அந்த மிஷினோட சுபாவம் அது. நல்ல நூலா மாத்தினேன், பாதி குறைஞ்சுது. அடி நூலுக்கு பாபினை முன்னாடி நாளே சுத்தி வெக்கச் சொன்னேன். கஸ்டமர் சாம்பிளைப் பாத்து ஓகே சொல்றதுக்கு நாள் கணக்குல இழுப்பாங்க, வாட்ஸப்புல போட்டோ அனுப்பி, சாயந்தரத்துக்குள்ள பதில் வரலன்னா ஓகேன்னு வெச்சுக்குவோம்னு சொல்லிட்டேன். எல்லாம் குறைஞ்சுது. ஒண்ணு மட்டும் குறையல.

செய்தி.

எங்க பக்கத்துல ஒரு வழக்கம் இருக்கு, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். ஒருத்திக்கு சாவுச் செய்தி வந்தா அவளைத் தனியா அனுப்ப மாட்டாங்க. கூட ரெண்டு பேரு கிளம்புவாங்க. போற வழியில மயங்கி விழுந்துட்டா யாரு பாக்குறது, பஸ்ஸுல யாரு டிக்கெட் எடுக்கிறதுன்னு. நல்ல வழக்கம்தான், நான் தப்பு சொல்லல. ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு போன் வந்தா மூணு பேரு எழுந்து போயிடுறாங்க. மீதிப் பேரு அரைமணி நேரம் கட்டிப் பிடிச்சுக்கினு அழுவுறாங்க. அப்புறம் தண்ணி குடிச்சிட்டு, செத்தவரு எப்படிப்பட்டவருன்னு அரைமணி நேரம் பேச்சு. சாவு மட்டும் இல்ல, ஆஸ்பத்திரின்னாலும் இதே கதைதான். நூல் அறுந்தாக் கூட ரெண்டு நிமிஷத்துல கோத்துடலாம். இவங்களை எதால கோக்கிறது?

அதனால ஒரு பொட்டி பண்ணேன். பிளைவுட்ல இருபத்திநாலு அறை, ஒவ்வொண்ணுக்கும் நம்பர், முன்னால கதவு, பூட்டு. காலையில வந்ததும் போனை அதுல வெச்சிடணும். பொட்டி என் டேபிள் மேல, சாவி என் இடுப்புல. "அவசரம்னா நானே எடுத்துப் பேசி உங்களுக்குச் சொல்றேன்"னு சொன்னேன். யாரும் மூஞ்சத் தூக்கல. சந்தோஷப்பட்டாங்க மேடம். ஊட்டுக்காரன் போன் பண்ணி சீப்பு எங்க, சாவி எங்கன்னு கேக்கிற பேஜாரு இல்லாமப் போச்சுன்னு சிரிச்சாங்க. மேரி கூட, "அக்கா, எங்காளு போன் பண்ணா செத்துட்டேன்னு சொல்லிடுக்கா"ன்னு கிண்டல் பண்ணா.

முதல்ல எல்லாத்தையும் உடனே உடனே சொல்லிக்கினுதான் இருந்தேன். அப்புறம் பாத்தா, வர்றதுல முக்காவாசி அப்பவே சொல்ல வேண்டியதே இல்ல. புள்ளைக்கு ஜுரம்னு ஒருத்திக்கு வந்துச்சு. சாயந்தரம் சொன்னேன். அவ போறதுக்குள்ள ஜுரம் விட்டுடுச்சு. காலையிலயே சொல்லியிருந்தா அன்னிக்குப் பூரா அவளும் அழுது, ஜுரமும் அதும்பாட்டுக்கு விட்டிருக்கும். என்ன லாபம்?

அப்புறம் மூணு விதமா பிரிச்சுக்கினேன். சிலது உடனே சொல்லணும். சிலது சாப்பாட்டு நேரத்துல சொல்லலாம். சிலது அஞ்சு மணிக்கு சொன்னாப் போதும். சாவை மூணாவதுல வெச்சேன். நீங்க எழுதுறதை நிறுத்திட்டீங்க. யோசிச்சுப் பாருங்க மேடம். ஒடம்பு முடியாதவங்களுக்குத்தான் அவசரம். செத்தவங்களுக்கு என்ன அவசரம்? ஐஸ் பொட்டி எல்லா ஊர்லயும் வந்துடுச்சு. நூல் வெட்டுற மணியம்மாளோட பெரியப்பா பள்ளிப்பட்டுல பதினோரு மணிக்குத் தவறிட்டாரு. நான் அஞ்சு மணிக்கு சொன்னேன். அவ போய் முகம் பாத்துட்டுத்தான் வந்தா. வந்து என் கையப் பிடிச்சுக்கினு, "பக்குவமா சொன்னக்கா, இல்லன்னா நான் அங்கியே விழுந்திருப்பேன்"னா.

எனக்குன்னு தனிச் சட்டம் வெச்சுக்கல. கார்த்திகையில எங்கம்மா ஊத்துக்கோட்டையில செத்துப் போனாங்க, காலையில ஒம்போதரைக்கு. என் போனும் அந்தப் பொட்டியிலதான் இருந்துச்சு. நானே எடுத்தேன், நானே கேட்டுக்கினேன், நானே வெச்சிட்டேன். அஞ்சரைக்குக் கிளம்பினேன். அன்னிக்கு முந்நூறு பீஸ் டெலிவரி போச்சு. என் தங்கச்சி இன்னிக்கும் என்னோட பேசுறதில்ல. அது அவ குணம்.

ஆடிக்கு அப்புறம் மார்ச் வரைக்கும் ஒரு ஆர்டர் கூட நாங்க லேட் பண்ணல. சார் சுவத்துல ஒரு போர்டு மாட்டுனாரு, லேட் இல்லாம எத்தினி நாளுன்னு தினம் சாக்பீஸால மாத்தி எழுதுவேன். அந்தச் செவ்வாக்கிழமை காலையில இருநூத்தி மூணு.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். சிப்காட்டுல இரும்பு உருக்குற கம்பெனி ஒண்ணுக்கு அறுநூறு கோட்டு. மறுநாள் புதன்கிழமை அவங்களுக்குப் பாதுகாப்பு தின விழா. முதுகுல பெருசா "பாதுகாப்பு நம் உயிர் மூச்சு"ன்னு போட்டு, கீழ கம்பெனி லோகோ. துணி தடிப்பு மேடம், ஊசி உடைஞ்சிக்கினே இருக்கும். அந்தத் துணியை சமாளிக்க எங்க யூனிட்ல ஒரே ஆளு ஆரோக்கியமேரிதான். சத்தத்தை வெச்சே எந்த ஹெட்ல நூல் அறுவப் போவுதுன்னு சொல்லிடுவா, அறுவறதுக்கு முன்னாடியே கைய வெச்சிடுவா. அவ வீட்டுக்காரரு அன்பு அதே கம்பெனியில உலையாண்ட வேலை. "எங்காளு போட்டுக்கப் போற கோட்டுக்கா"ன்னு அவளுக்கு ஒரு பெருமை.

காலையில பத்து முப்பத்தஞ்சுக்கு அவ போன் அடிச்சுது. அன்போட தம்பி ஸ்டீபன். உலையில இருந்து உருகுன இரும்பு தெறிச்சு அன்பு மேல விழுந்துடுச்சு, மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறோம், அண்ணியை அனுப்புங்கன்னான். "சொல்றேன் தம்பி"ன்னு வெச்சேன்.

அப்ப நூத்தி அறுபது கோட்டு பாக்கி. நான் மேரியைப் பாத்தேன். குனிஞ்சு ஒரு ஊசியை மாத்திக்கினு இருந்தா. ஆள் உயிரோட இருக்காரு, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு, டாக்டர் பாத்துக்குவாரு. இவ போய் வெராண்டாவுல உக்காந்து அழப் போறா. கூட ரெண்டு பேரு. சாப்பாட்டு நேரத்துல சொல்லிக்கலாம்னு முடிவு பண்ணேன். என் ரூல்படி அது ரெண்டாவது வகை.

பன்னெண்டு அஞ்சுக்கு மறுபடி ஸ்டீபன். "டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாருக்கா, அண்ணன் அண்ணியைத்தான் கேட்டுக்கினு கீறாரு. கெளம்பிட்டாங்களா?"ன்னான். கெளம்பலன்னு சொன்னா அவன் யாரையாவது வண்டியில அனுப்பி வெச்சிருப்பான். யூனிட் வாசல்ல வந்து கத்தினா மொத்தப் பேரும் எழுந்திருப்பாங்க. "பதினோரு மணிக்கே கெளம்பிட்டாளே, ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கிறா, மறந்து வெச்ச போனை இப்ப ஆள்கிட்ட குடுத்து அனுப்புறேன்"னு சொன்னேன்.

அப்படிச் சொன்னதுக்கு அப்புறம் பன்னெண்டரைக்கு அவகிட்ட சொல்ல முடியாதுல்ல. சொன்னா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். அதனால அது தானா அஞ்சு மணிக்குத் தள்ளிப் போச்சு.

சாப்பாட்டு நேரத்துல மேரி என் பக்கத்துலதான் உக்காந்தா. டப்பாவைத் திறந்து மூடி வெச்சுட்டா. என்னம்மான்னு கேட்டேன். "காலையில சண்டைக்கா. பொண்ணு நர்சு படிக்கணும்ன்றா, அவரு வேணாம்ன்றாரு. நாஷ்டா துன்னாம கம்முனு பூட்டாரு. எனக்கு எறங்கல"ன்னா. ஏஞ்சல் அவங்களுக்கு ஒரே பொண்ணு, ப்ளஸ் டூ. நான், "சாயந்தரம் போய் சமாதானம் ஆயிடு, இப்ப சாப்பிடு, கை நடுங்கினா ஊசி உடையும்"னு சொன்னேன். ரெண்டு வாய் சாப்பிட்டா. என் பேச்சுன்னா கேப்பா.

ரெண்டு பத்துக்கு ஒரு போன் வந்துச்சு. அதை அப்புறம் சொல்றேன். மூணு நாப்பதுக்கு ஒண்ணு வந்துச்சு. எடுத்தேன். ஸ்டீபன் பேசல, அழுதான். "பூட்டாரு அண்ணி"ன்னான். நான் ஒண்ணும் சொல்லாம வெச்சிட்டேன்.

நாலு அம்பத்தஞ்சுக்கு கடைசிக் கோட்டு இறங்குச்சு. நூல் வெட்டி, மடிச்சு, பெட்டியில போட்டாச்சு. மேரியைக் கூப்பிட்டு உக்கார வெச்சு, காபி குடுத்து, அவ குடிச்சு முடிச்சப்புறம், "வீட்டுக்காரருக்கு அடிபட்டிருக்காம், பெரியாஸ்பத்திரியில வெச்சிருக்காங்களாம்"னு சொன்னேன். செத்ததைச் சொல்லல. பக்குவமா சொல்லணும் இல்லையா. ரெண்டு பேரை கூட அனுப்பினேன். அந்த வழக்கத்தை நான் மீறினதே இல்ல. அவ ரயில் ஏறிப் போய்ச் சேரும்போது ஏழு மணி.

போனை அவ கையில குடுக்கும்போது அதுல வந்த கால் எல்லாத்தையும் நான் அழிச்சிருக்கலாம் மேடம். அழிக்கல. அது ஏமாத்துற வேலை.

இன்னொண்ணையும் எழுதிக்குங்க, இதுதான் எனக்கு மனசு ஆறல. காலையில பதினொண்ணு இருபதுக்கே அந்தக் கம்பெனிக்காரங்க எபினேசர் சாருக்கு மெசேஜ் போட்டுட்டாங்க. விபத்து நடந்துடுச்சு, விழாவைத் தள்ளி வெச்சிருக்கோம், கோட்டு அடுத்த மாசம் குடுத்தாப் போதும்னு. சார் திருவள்ளூர்ல ஒரு கல்யாணத்துல இருந்தாரு. போனை சத்தம் வராம வெச்சிருக்காரு. எனக்கு ஆறு மணிக்கு சொல்றாரு. எனக்குக் கோவம் வந்துச்சு பாருங்க, வாய்க்கு வந்ததை எல்லாம் கேட்டுட்டேன், ஓனருன்னு கூடப் பாக்கல. பதினொண்ணு இருபதுக்கு எனக்குத் தெரிஞ்சிருந்தா பதினொண்ணரை ரயில்ல மேரியை அனுப்பி இருப்பேன். ஒரு மணிக்கெல்லாம் அவரு பக்கத்துல நின்னிருப்பா. ஒருத்தரு ஒரு விஷயத்தை நேரத்துக்கு சொல்லலன்னா இன்னொருத்தரு குடும்பம் எப்படி அழிஞ்சு போவுது பாருங்க.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு மேரி வேலைக்குத் திரும்பி வந்தா. வேற வழி இல்ல அவளுக்கு. வந்து மிஷினாண்ட நின்னா, கை அதே கைதான். ஆனா பொழுதுக்கும் ஒரே பொலம்பல். "கோவத்தோட பூட்டாருக்கா. ஒரு வார்த்த பேசாம பூட்டாரு. துன்னாம பூட்டாரு." ஒரு நாளைக்குப் பத்து தடவை. கண்ணீர் துணி மேல விழுந்து ரெண்டு பீஸ் கறையாச்சு.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஸ்டீபன் அவளை வீட்டுல சேக்க மாட்டேன்னுட்டான். அவன் கேக்கிறது என்னன்னா: "பதினோரு மணிக்கு கெளம்பிட்டேன்னு கம்பெனியில சொல்றாங்க. ரெண்டு பத்துக்கு ரயில்ல வந்துக்கினு இருக்கேன்னு நீயே எங்கண்ணன்கிட்ட பேசுன, நான்தான் போனை அவரு காதுல வெச்சேன். ஏழு மணி வரைக்கும் எங்க போன?" கவரைப்பேட்டையில அவங்க தெரு பூரா அதே பேச்சு. சாவக் கிடக்கிற புருஷனை விட்டுட்டு எவன் ஊட்டுக்குப் போனாளோன்னு. தண்ணிக் கொழாயாண்ட இவளைப் பாத்தா குடத்தைத் தூக்கிக்கினு நகர்ந்து போறாங்களாம். இவ நான் பேசவே இல்லன்னு சத்தியம் பண்றா. அவன் என் காதால கேட்டேன்ங்கிறான். ரெண்டு பேரும் பொய் சொல்லல மேடம்.

ஸ்டீபன் யூனிட்டுக்கே வந்து அட்டென்டன்ஸ் நோட்டைக் காட்டச் சொன்னான். அஞ்சு மணி வரைக்கும் மேரி இருந்தாள்னு அதுல இருக்கு, என் கையெழுத்தோட. "வெளியாளுக்குக் காட்ட முடியாது தம்பி, ரூல்ஸ்"னு அனுப்பி வெச்சேன். கூட வேலை செய்யற பொம்பளைங்க சொன்னதை அவன் நம்பல. கூட்டாளிங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னுட்டான். அப்புறம் அந்தப் பொண்ணு ஏஞ்சல்தான் அம்மா போனை நோண்டிப் பாத்து, நாலு கால் வந்திருக்கு, நாலையும் யாரோ எடுத்திருக்காங்க, ஒண்ணு மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்டுன்னு கண்டுபிடிச்சு உங்ககிட்ட கொண்டாந்துச்சு. புத்திசாலிப் பொண்ணு. எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

சரி, அந்த மூணு நிமிஷம்.

ரெண்டு பத்துக்கு போன் அடிச்சப்ப மிஷின் ரெண்டும் முழு வேகத்துல ஓடிக்கினு இருந்துச்சு. எடுத்தேன். ஸ்டீபன், "அண்ணி, ரயில்லயா கீறீங்க, சத்தமா கேக்குதே"ன்னான். மிஷின் சத்தம் அவனுக்கு ரயில் மாதிரி கேட்டிருக்கு. நான் சொல்றதுக்கு முன்னாடியே, "அண்ணன் பேசணும்ன்றாரு, காதாண்ட வெக்கிறேன்"ன்னுட்டான். அந்த நேரத்துல, இது மேரி இல்ல தம்பின்னு சொன்னா என்ன ஆவும்? அப்ப மேரி எங்கன்னு கேப்பான். அறுபது கோட்டு பாக்கி.

"மேரி"ன்னாரு.

நான் "ம்"னேன்.

கொரல் ரொம்பக் கம்மியா வந்துச்சு, போனைப் பிடிச்சிக்கினு இருந்த ஸ்டீபனுக்குக் கூட அவரு பேசினது விழுந்திருக்காது. மருந்து குடுத்திருப்பாங்க போல. "எங்க கீற?"ன்னாரு. "வந்துக்கினு இருக்கேன்"னேன். மேரி மாதிரி பேச நான் கஷ்டமே படல, எட்டு வருஷமா கூட இருக்கிறவ கொரல். "காலையில துன்னாம வந்துட்டேன், கோவம்லாம் இல்ல மேரி. சும்மா மூஞ்சத் தூக்கிக்கினு வந்துட்டேன். ரோட்டாண்ட வந்ததும் திரும்பிடலாம்னுதான் பாத்தேன், கம்பெனி பஸ்ஸு வந்துடுச்சு"ன்னாரு. "சரி"ன்னேன். "பாப்பா கேட்டுச்சே, நர்சுப் படிப்பு. படிக்கட்டும். நான்தான் வேணாம்னேன். நீ சேத்து வுட்டுடு. ஸ்டீபன் இன்னா சொன்னாலும் கேக்காத"ன்னாரு. "சேத்துடறேன்"னேன். அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு சத்தம்தான். "உனுக்குக் கோவமா?"ன்னு கேட்டாரு. "இல்ல"ன்னேன். "சீக்கிரம் வா"ன்னாரு. "தோ வந்துட்டேன்"னேன். வெச்சிட்டேன்.

நீங்க என்னை அப்படிப் பாக்காதீங்க. அந்த மனுஷன் பொண்டாட்டிகிட்ட பேசிட்டேன்னு நிம்மதியா போயிட்டாரு. நான் எடுக்கலன்னா அதுவும் கிடைச்சிருக்காது. மூணு நிமிஷம் நான் என் டேபிளை விட்டு வேற எந்த வேலையும் பாக்கல, ஆர்டர் கழுத்தைப் பிடிச்சிக்கினு இருக்கும்போது. யாரு பண்ணுவாங்க?

மேரிகிட்ட ஏன் சொல்லலன்னு கேக்கிறீங்க. சொல்லணும்னுதான் இருக்கேன். என் மனசுல பத்திரமா இருக்கு, ஒரு எழுத்து குறையாம இப்ப உங்ககிட்ட சொன்னேன் பாருங்க. அவ வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லலாம்னு பாத்தேன். அன்னிக்கு சர்ச் ஆர்டர் போய்க்கினு இருந்துச்சு. அப்புறம் ஒரு ஆஸ்பத்திரிக்கு யூனிபார்ம். ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒண்ணு. அவ அழ ஆரம்பிச்சா ஒரு வாரத்துக்கு ஓயமாட்டா, அவ அழுதா மீதி இருபத்தோரு பேரும் அழுவாங்க. சரியான நேரம் பாத்துக்கினே இருக்கேன், வர மாட்டேன்னுது.

ஏஞ்சல் நர்சிங்குக்கு இன்னும் அப்ளிகேஷன் போடல. அப்பாவுக்கு இஷ்டம் இல்லாத படிப்பு, அவரு ஆத்மா சாந்தி அடையாதுன்னு ஸ்டீபன் சொல்லிட்டான், மேரியும் அதுதான் சரின்னு ஒத்துக்கினா. அவரு கடைசியா வேணாம்னு சொன்னதை மீறக் கூடாதாம். கடைசித் தேதி இந்த புதன்கிழமைன்னு நேத்து கூட மிஷினாண்ட நின்னு சொல்லிக்கினு இருந்தா. நான் நூல் கலரைப் பாத்துக்கினு இருந்தேன்.

எல்லாத்தையும் எழுதிட்டீங்களா? குடுங்க, கையெழுத்து போட்டுடறேன். எல்லாம் நான் பண்ணதுதான். மூணு கால்ல நானா பேசினேன், ஒண்ணுல அவளா பேசினேன். இல்ல, தப்பு, ரெண்டுல நானா, ஒண்ணுல அவளா, ஒண்ணுல பேசவே இல்ல. சரியா இருக்கணும், திருத்திக்குங்க.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கிறேன் மேடம். நீங்க மேரியைக் கூப்பிட்டு இதைப் படிச்சுக் காட்டுவீங்கன்னு தெரியும். அது நியாயம்தான், அவளுக்குத் தெரியணும். ஆனா இன்னிக்கு வேணாம். ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கிறாங்க, ஆயிரத்து இருநூறு சட்டைக்கு பேட்ஜ் ஓடிக்கினு இருக்கு, வியாழக்கிழமை சாயந்தரம் டெலிவரி. வெள்ளிக்கிழமை காலையில நானே அவளைக் கூட்டிக்கினு வர்றேன், கூட ரெண்டு பேரோட. நர்சிங் அப்ளிகேஷன் அடுத்த வருஷமும் குடுப்பாங்க. ஸ்கூல் திறக்கிறதை யாரும் தள்ளி வெக்க மாட்டாங்க.